எக்ஸ்ரே வெல்டருக்கு ஏன் இந்தத் தட்டுப்பாடு? ஓய்வு பெறும் கைகளும் வராத இளைஞர்களும்

2024-இல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வை அறிவித்தபோது காட்டிய காலியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். அதே மாநிலத்தில், திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூரிலிருந்து துவாக்குடி வரை இருக்கிற ஃபேப்ரிகேஷன் கம்பெனிகளை, அதாவது உலோகத்தை வெட்டிப் பற்றவைத்துப் பொருளாக்கும் கம்பெனிகளை, கேட்டால் நல்ல வெல்டர் கிடைக்கவில்லை, ஃபிட்டர் கிடைக்கவில்லை என்கிறார்கள். ஒரு பக்கம் வேலை இல்லை, இன்னொரு பக்கம் ஆள் இல்லை. இரண்டு செய்தியையும் ஒரே நாளில் படிக்கிறவர் குழம்பிப்போவது இயல்புதான்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையாது" என்ற பதில் டீக்கடை தொடங்கி டிவி விவாதம் வரை கைவசம் இருக்கிறது. அந்தப் பதில் தவறு. ஏன் தவறு என்பதை, ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து பார்க்கலாம். அனல் மின் நிலையங்களின் கொதிகலன் குழாய்களைப் பற்றவைக்கும் உயர் அழுத்த வெல்டரின் தொழில் அது. திருச்சிக்கு அது சொந்தத் தொழில் மாதிரி. பொதுத்துறை நிறுவனமான பெல்லின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1960-களில் அங்கே வந்ததிலிருந்து, அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு, நடுத்தர ஃபேப்ரிகேஷன் கம்பெனிகள் முளைத்தன. பற்றவைப்புக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே இருக்கிறது.

எந்த வெல்டரைப் பற்றிப் பேசுகிறோம்?

தெருமுனைப் பட்டறையில் கிரில் கேட் செய்பவரும் வெல்டர்தான். அங்கே பற்று சரியாகப் பிடிக்கவில்லை என்றால் கேட் ஆடும், மறுபடி ஒரு ராடு ஓட்டினால் தீர்ந்தது. பாலத்துக்கும் ஷெட்டுக்கும் உத்தரம் பற்றவைப்பவர் அடுத்த படி. அவர் வேலையைச் சோதிக்க ஆள் உண்டு.

கொதிகலன் குழாய் வெல்டர் மூன்றாவது வகை. 660 மெகாவாட் அலகு ஒன்றின் கொதிகலனுக்குள் இருக்கும் குழாய்களை நீளவாக்கில் வைத்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும். அவற்றில் பல்லாயிரம் இணைப்புகள். இப்போது கட்டப்படும் புதிய அலகுகள் பெரும்பாலும் ‘சூப்பர்கிரிட்டிகல்’ வகை. அதாவது, உள்ளே தண்ணீரின் அழுத்தம் 221 பாரைத் தாண்டிவிடும், நம் கார் டயரில் இருப்பதைப்போல நூறு மடங்கு. அந்த நிலையில் தண்ணீர் கொதித்து நீராவியாகும் கட்டமே கிடையாது, நேரடியாக வேறொரு நிலைக்குப் போய்விடும். இந்த அழுத்தத்தையும் 550 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் ஒவ்வொரு இணைப்பும் இருபத்தைந்து வருடம் தாங்க வேண்டும்.

தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பது பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ‘கொதிகலன் குழாயில் கசிவு, 210 மெகாவாட் உற்பத்தி நிறுத்தம்’ என்று தூத்துக்குடியிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் அடிக்கடி செய்தி வருகிறது. ஊசி முனை அளவு ஓட்டை போதும். அதிலிருந்து பீறிடும் நீராவி பக்கத்துக் குழாய்களையும் அரித்துவிடும். அலகை நிறுத்தி, மனிதர் உள்ளே போகுமளவுக்கு ஆறவிட்டு, பழுதான துண்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்து மறுபடி ஏற்ற இரண்டு மூன்று நாள் ஆகிவிடும்.

அதனால்தான் இந்த இணைப்புகளுக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். மனிதருக்கு எலும்பு முறிவைப் பார்ப்பதுபோல, உலோகத்துக்குள் காற்றுக்குமிழி, பிடிக்காத ஓரம், விரிசல் இருக்கிறதா என்று ஃபிலிமில் பார்ப்பார்கள். இப்படிச் சோதனையில் தேறுகிறவரைத்தான் ‘எக்ஸ்ரே வெல்டர்’ என்று சொல்வது வழக்கம். 1923-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதுச்சட்டம் வந்திருக்கிறது. பழைய சட்டத்திலும் சரி, புதியதிலும் சரி, தேர்வு எழுதிச் சான்று பெறாத வெல்டர் கொதிகலன் குழாயைத் தொடக் கூடாது.

ஒரு இணைப்பு, பக்கத்திலிருந்து

இரண்டு குழாய் முனைகளையும் சரிவாகச் சீவி, நடுவே மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விட்டு நேர்கோட்டில் நிறுத்துவார் ஃபிட்டர். வெல்டரின் வலது கையில் வெல்டிங் டார்ச், இடது கையில் கம்பி. டார்ச்சின் நுனியிலிருந்து ஆர்கன் வாயு வந்து உருகும் உலோகத்தைக் காற்றுப் படாமல் மூடுகிறது. மின்பொறியின் வெளிச்சத்துக்கு அடியில் இரண்டு ஓரங்களும் உருகி, சாவித் துவாரம்போல ஒரு சின்ன ஓட்டை திறக்கும். அந்த ஓட்டை திறந்தால்தான் உருக்கு அடிவரை இறங்கியிருக்கிறது என்று பொருள். அது பெரிதானால் உலோகம் குழாய்க்குள் ஒழுகிவிடும், மூடினால் வேர் பிடிக்காது. ஒரே அளவில் வைத்துக்கொண்டு, இடது கையால் கம்பியைத் தொட்டுத் தொட்டு ஊட்டிக்கொண்டே குழாயைச் சுற்றி வர வேண்டும். குழாய் சுழலாது. அது நின்ற இடத்தில் நிற்கும், வெல்டர்தான் கீழே படுத்து, பக்கவாட்டில் குந்தி, மேலே எட்டிச் சுற்றி வருகிறார். ‘ரூட் பாஸ்’ எனப்படும் அடிச்சுற்று இது. இதன் மேல்தான் மற்ற அடுக்குகள்.

இன்னும் கடினமானது ஒன்று உண்டு. கொதிகலனுக்குள் குழாய்கள் நெருக்கியடித்து நிற்கும். சில இணைப்புகளின் பின்பக்கத்துக்குக் கை போகும், தலை போகாது. அப்போது பின்னால் ஒரு சிறு கண்ணாடியைப் பொருத்தி, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே பற்றவைப்பார்கள். கண்ணாடியில் முன்னும் பின்னும் மாறித் தெரியும். கண் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்ய வேண்டும். கறுப்புக் கண்ணாடி மாட்டிய தலைக்கவசத்துக்குள், சூட்டில், எக்ஸ்ரேயில் தேறும்படி.

குழாயின் உலோகமும் இப்போது மாறிவிட்டது. சூப்பர்கிரிட்டிகல் கொதிகலன்களில் அதிகச் சூடு தாங்க வேண்டிய இடங்களில் ‘91’ ரக உருக்கு போன்ற குரோமியம் கலந்த வகைகள் வருகின்றன. பற்றவைக்கும் முன்பே அதை 200 டிகிரிக்கு மேல் சூடேற்றி, பற்றவைத்த பிறகு 750 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்து வெடிப்பு விடும்.

கை உருவாக எத்தனை வருடம்?

1. ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஓராண்டு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் சேரலாம். தட்டையான தகட்டில் நேராகப் பற்று ஓட்டப் பழகுவது இங்கே.

2. பிறகு ஒரு நிறுவனத்தில் தொழில்பழகுநர், அதாவது அப்ரெண்டிஸ். 1961-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தின் கீழ் உதவித்தொகை உண்டு. 2019 விதிகள்படி குறைந்தபட்ச அளவு, படிப்பைப் பொறுத்து, மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை.

3. அடுத்த இரண்டு மூன்று வருடம் ஹெல்பர், அப்புறம் சாதாரணக் கட்டுமான வெல்டிங். கிரைண்டிங் பிடிப்பது, ஓரம் சீவுவது, ராடுகளை அடுப்பில் காயவைப்பது, மூத்தவர் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது.

4. ஆர்கன் வெல்டிங் பழகி, 45 டிகிரி சாய்வில் நிறுத்திய குழாயைச் சுற்றிப் பற்றவைக்கும் ‘6ஜி’ தேர்வில் தேறுவது. தேறியவர் எந்த நிலையிலும் குழாய் பற்றவைக்கத் தகுதியானவர்.

5. அதன் பிறகு சைட். உயரம், நெருக்கம், கண்ணாடி வேலை, கலப்பு உருக்கு.

கூட்டிப் பார்த்தால், பதினேழு வயதில் தொடங்குகிற பையன் நம்பி விடக்கூடிய கை ஆவதற்கு இருபத்தைந்து தொடும். இந்த ஏழெட்டு வருடத்தைப் பணம் கொட்டிச் சுருக்க முடியாது. தேர்வுக்கான தகடு, குழாய், வாயு எல்லாம் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் ஓட்டை திறக்கும் சத்தத்தை வைத்தே கம்பியை ஊட்டுகிற பழக்கம் மணிக்கணக்கில்தான் ஏறும்.

இன்னொரு விஷயம் வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆஸ்மி எனப்படும் அமெரிக்க விதிமுறை இந்தத் துறையில் உலகம் முழுவதும் பின்பற்றப்படுகிறது. அதன்படி ஒரு வெல்டர் ஒரு முறையில் ஆறு மாதம் பற்றவைக்காமல் இருந்தால் அவர் தகுதி காலாவதியாகிவிடும், மறுபடி தேர்வு எழுத வேண்டும். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல இந்தத் திறமையைச் சேமித்து வைக்க முடியாது. வேலை ஓடிக்கொண்டே இருந்தால்தான் கை உயிரோடு இருக்கும். திருச்சியில் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

பத்து வருடம் வறட்சி, பிறகு வெள்ளம்

2012-13 வாக்கில் நாடு முழுவதும் புதிய அனல் மின் திட்டங்கள் வற்றத் தொடங்கின. நிலக்கரி கிடைப்பதில் சிக்கல், வங்கிக் கடன்கள் வாராமல் போனது, சூரிய மின்சாரம் மலிவானது எனக் காரணங்கள் பல. பெல்லுக்கு வந்த ஆர்டர் குறைந்தது. அதை நம்பியிருந்த திருச்சிக் கம்பெனிகளுக்கு அதைவிட அதிகமாகக் குறைந்தது. பல கம்பெனிகளின் கடன் வங்கிக் கணக்கில் வாராக் கடன் ஆனது. சில மூடப்பட்டன. மற்றவை காற்றாலைக் கோபுரம், பாலம், சுத்திகரிப்பு ஆலை என்று வேறு வேலைக்குத் திரும்பின.

அப்போது முதலில் வெட்டப்பட்டது பயிற்சி. வேலையே இல்லாத கம்பெனி புதுப் பையனை எதற்கு எடுக்கும்? இருந்த நல்ல கைகளும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் குஜராத் பக்கமும் போயின. போக முடியாதவர்கள் ஆட்டோ ஓட்டினார்கள், ஊருக்குத் திரும்பினார்கள். ஆறு மாதக் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்.

சரி, 2023-இல் காற்று திரும்பியது. மின் தேவை ஏறிக்கொண்டே போனதால், 2031-32க்குள் குறைந்தது 80 ஆயிரம் மெகாவாட் அனல் மின் திறன் கூடுதலாக வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. 2024-25 நிதியாண்டில் மட்டும் பெல்லுக்கு வந்த ஆர்டர் 92 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த வேலையில் ஒரு பங்கு துவாக்குடிக்கும் வந்து சேர்கிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று பத்து வருட அனுபவத்தோடு முப்பது வயதை ஒட்டி நிற்க வேண்டிய வெல்டர், 2014-15இல் ஐடிஐ முடித்து உள்ளே வந்திருக்க வேண்டும். அந்த வருடங்களில் வாசல் மூடியிருந்தது. ஆகவே பட்டறைத் தளத்தில் ஐம்பதைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள், புதிதாக வந்த சின்னப் பையன்கள் இருக்கிறார்கள். நடுவயது அடுக்கு மெலிந்துபோய்விட்டது. இன்றைய தட்டுப்பாடு பத்து வருடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான செய்தி. அன்றைக்கு அதை யாரும் தட்டுப்பாடு என்று சொல்லவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் என்றார்கள்.

‘ஓய்வு’ என்றால் இங்கே என்ன?

பொதுத்துறை ஊழியருக்கு 60 வயதில் ஓய்வு. தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயதும் 58-இலிருந்து 2020-இல் 59, 2021-இல் 60 என்று உயர்ந்தது. ஒப்பந்த வெல்டருக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. அவருடைய ஓய்வு தேதியைக் கண்ணும் முதுகும் முடிவு செய்கின்றன.

நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் கிட்டப் பார்வை மங்கும். நாம் செய்தித்தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படிப்போம். வெல்டர் எதைத் தள்ளிப் பிடிப்பார்? கவசத்துக்குள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு சில வருடம் ஓட்டலாம். நுரையீரலும் கணக்கில் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருளாக 2017-இல் வகைப்படுத்திவிட்டது. புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஏற்பாடு பெரிய ஆலைகளில் உண்டு. சின்ன ஷெட்டுகளிலும் கொதிகலனுக்குள்ளும் பெரும்பாலும் கைக்குட்டைதான்.

ஆக, ஏழெட்டு வருடம் கற்று, நல்ல கையாக உழைக்கிற காலம் இருபது வருடம் இருந்தால் பெரிது. அதன் முடிவில் என்ன கிடைக்கிறது?

தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-இன்படி கணக்கு இப்படி: கடைசி ஐந்து வருடச் சராசரி ஊதியத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் பொதுவாகக் கணக்கில் எடுக்கும் உச்சவரம்பு 15,000 ரூபாய், 2014 செப்டம்பரிலிருந்து. முப்பது வருடம் ஒரு மாதம்கூட விடாமல் பணம் கட்டியவருக்கு 15,000 பெருக்கல் 30 வகுத்தல் 70, மாதம் 6,428 ரூபாய். இருபது வருடம் தாண்டியதற்கான இரண்டு வருடச் சலுகையைச் சேர்த்தால் 6,857. இதுவே நல்ல நிலைமை. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் இரண்டு மாதம், மூன்று மாதம் இடைவெளி விழும். கம்பெனி மாறினாலும் மாறாத யுஏஎன் என்ற ஒரே பிஎஃப் எண் வந்த பிறகு கணக்கு தொடர்கிறது என்பது உண்மை. ஆனால் கட்டாத மாதங்கள் சேவையில் சேராது. இருபது பேருக்குக் குறைந்த ஷெட்டாக இருந்தால் பிஎஃப் கட்டாயமே இல்லை. திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய்.

இந்தக் கணக்கைப் பையன் போடுவதற்கு முன்பே அவன் அப்பா போட்டுவிடுகிறார். வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண்ணில் மணல் விழுந்ததுபோல எரிய, உருளைக்கிழங்குச் சீவலை இமைமேல் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவர் அவர். ஓவர்டைம் பார்த்த காசில் மகனை இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்த்தார் என்றால் அதில் தவறு சொல்ல என்ன இருக்கிறது?

இளைஞர்கள் வரவில்லையா, வழி இல்லையா?

சோம்பேறித்தனம் என்ற வாதத்தை உடைக்க ஒரு சான்று போதும். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், பெரம்பலூர் பக்கத்துக் கிராமங்களில் ‘சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடிக்கிறான்’ என்ற பேச்சு எல்லாருக்கும் தெரியும். சிங்கப்பூர் அரசு அங்கீகரித்த தேர்வு மையங்களில் வெல்டிங், பைப் ஃபிட்டிங் போன்ற தொழில்களில் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, தேறினால் அங்கே வேலை. அதற்குக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். வெயிலில் பழகுகிறார்கள். தோற்றால் மறுபடி எழுதுகிறார்கள். இதே பையன்கள்தான், இதே ஊர்தான், இதே ராடும் கவசமும்தான்.

வித்தியாசம் என்ன? அங்கே தேறினால் என்ன சம்பளம் என்று முன்கூட்டியே தெரியும், மேல்படிக்குப் போனால் எவ்வளவு கூடும் என்பதும் தெரியும். இங்கே ஒப்பந்ததாரரிடம் சேருகிற பையனுக்கு மூன்றாவது வருடம் என்ன சம்பளம், யார் முதலாளி என்பது தெரியாது. தேர்வில் தேறியவருக்கும் தேறாதவருக்கும் இடையில் எழுதி வைத்த சம்பள வித்தியாசம் பல இடங்களில் கிடையாது. மறுபக்கம், டூவீலரும் செல்போனும் இருந்தால் இன்றைக்குச் சேர்ந்து இன்றைக்கே சாப்பாடு டெலிவரியில் காசு பார்க்கலாம். ஐந்து வருடம் கழித்து அந்த வேலை எங்கேயும் கொண்டுபோய் விடாது. ஆனால் முதல் மாதக் கணக்கில் ஹெல்பர் வேலையை அது தோற்கடித்துவிடுகிறது.

கல்யாணச் சந்தையும் சேர்ந்துகொள்கிறது. மாப்பிள்ளை என்ன பண்றார் என்ற கேள்விக்கு "வெல்டர்" என்பதைவிட "ஆபீஸ்ல இருக்கார்" என்ற பதில் நன்றாகச் செல்லுபடியாகிறது, சம்பளம் பாதியாக இருந்தாலும். இதைச் சமூகத்தின் குறை என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். பெண்ணைப் பெற்றவர்கள் பார்ப்பது மாதச் சம்பளம் நிலையாக வருமா, அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்பதைத்தான். ஒப்பந்த வேலை அந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்கவில்லை.

இதன் கூடவே ஆள் எண்ணிக்கையும் குறைகிறது. 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. மக்கள்தொகை நிலையாக இருக்க 2.1 வேண்டும். அறுபது வயதைக் கடந்தோர் பங்கில் கேரளத்துக்கு அடுத்த பெரிய மாநிலம் நாம்தான்: 2021 மதிப்பீட்டில் 13.6 விழுக்காடு, 2031-இல் 18.2 ஆகும் என்கிறார்கள். பிறகு, 18 முதல் 23 வயதில் இருப்போரில் கல்லூரிப் படிப்பில் சேருவோர் விகிதம் 2021-22இல் இங்கே 47. நாட்டுக்கே 28.4தான். இது பெருமைப்பட வேண்டிய எண், அதைக் குறைத்துத்தான் தொழிற்பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏற்க முடியாது.

குலத்தொழில் பற்றி ஒரு வார்த்தை

அப்பன் தொழிலைப் பிள்ளை கற்றால் இந்தத் தட்டுப்பாடே வராதே என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி பாதி நேரம், மீதி நேரம் பெற்றோர் தொழில். அதைக் குலக்கல்வி என்று சொல்லித்தான் பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்காகத் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழக அரசு ஏற்க மறுத்ததற்கும் அதே கவலைதான் காரணம். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுக்கச் சொன்னார்கள், குறைந்தபட்ச வயதை 18-இலிருந்து 35 ஆக்கச் சொன்னார்கள். பிறகு மாநிலமே கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகத் தொடங்கியது.

வெல்டிங் இந்தச் சிக்கலுக்கு வெளியே பிறந்த தொழில். எந்தச் சாதிக்கும் உரிய வேலையாக அது இங்கே வரவில்லை. ஐடிஐ சான்றிதழோடு யார் வேண்டுமானாலும் உள்ளே போக முடிந்தது. ஒரு தலைமுறைக் கூலி விவசாயக் குடும்பங்கள் அந்த வழியில்தான் ஓட்டு வீடு கட்டின, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. பிறப்பால் தலையில் ஏறாத, கற்றால் யாருக்கும் வரக்கூடிய தொழில் என்பதால்தான் இந்த ஏணி உடைவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

பயிற்சி தருவது யார்?

சிக்கலின் முடிச்சு இங்கேதான். ஒரு கம்பெனி ஏழு வருடம் செலவழித்து ஒரு பையனைத் தயார் செய்கிறது. தேறிய மறுநாள் பக்கத்துக் கம்பெனி ஐந்தாயிரம் கூடத் தருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போகிறது. பயிற்சி கொடுத்தவருக்குச் செலவு, கொடுக்காதவருக்கு லாபம். இரண்டு மூன்று முறை இப்படி அடிபட்டவர் பயிற்சியை நிறுத்திவிடுவார். எல்லாரும் நிறுத்தினால், எல்லாரும் ஏற்கெனவே தேறியவர்களைத்தான் தேடுவார்கள். விளம்பரங்களில் ‘அனுபவம் 5 ஆண்டு’ என்று போடுவதன் பொருள் இதுதான்: வேறு யாரோ கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

இதைச் சட்டத்தால் சரிசெய்யத்தான் தொழில்பழகுநர் சட்டம். முப்பது பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம், ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரை எடுக்க வேண்டும். 2016 முதல் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரம்புக்குள், மத்திய அரசு ஏற்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் ஒரு கம்பெனி ஒவ்வொரு வருடமும் புதுப் பழகுநரை எடுத்து, மலிவு ஹெல்பராக வைத்திருந்து, வருடக் கடைசியில் சான்றிதழோடு வெளியே அனுப்பலாம். தாளில் எண்ணிக்கை நிறையும். மேலே சொன்ன ஐந்து படியில் மூன்றாவதுக்கு யாரும் ஏற மாட்டார்கள்.

ஜெர்மனியில் பழகுநர் வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியில், மீதி நாள் தொழிற்பள்ளியில் என மூன்று, மூன்றரை வருடம் இருக்கிறார். அதற்கு மேல் ‘மைஸ்டர்’ என்ற பட்டம், ஆசான் என்று சொல்லலாம். அந்நாட்டின் தகுதிச் சட்டகத்தில் அது இளங்கலைப் பட்டத்துக்குச் சமமான படியில் இருக்கிறது. 2004-இல் 53 கைத்தொழில்களில் மைஸ்டர் கட்டாயத்தை நீக்கினார்கள். கடை திறப்பது சுலபமானது, கற்றுக்கொடுப்போர் குறைந்தார்கள். 2020-இல் டைல்ஸ் பதிப்பது உட்பட 12 தொழில்களுக்கு மறுபடி கட்டாயமாக்கினார்கள். அங்கேயும் ஆள் பற்றாக்குறை இருக்கிறது, அதனால் அதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. கற்றுக்கொடுப்பவருக்குப் பட்டமும் வருமானமும் இருந்தால்தான் கற்றுக்கொடுப்பது நடக்கும் என்பது மட்டும் அதில் தெளிவாகத் தெரிகிறது.

ரோபோவும் வெளிமாநிலத் தொழிலாளரும்

ஆலைக்குள் நேரான, ஒரே மாதிரி இணைப்புகளை எந்திரம் ஏற்கெனவே செய்கிறது. குழாய்களை வரிசையாக ஒட்டிச் சுவர் ஆக்கும் வேலை அப்படித்தான் நடக்கிறது. குழாயைச் சுற்றித் தானே ஓடும் வெல்டிங் தலைகளும் உண்டு, அவற்றைப் பொருத்தச் சுற்றிலும் இடம் வேண்டும். சைட்டில், நூறடி உயரத்தில், கண்ணாடி வைத்துப் பார்க்கும் இடத்தில் கைதான்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இல்லாமல் இன்று துவாக்குடியும் ஓடாது. அவர்களில் அருமையான வெல்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களையும் நாம் ஒப்பந்தத்தில்தான் வைத்திருக்கிறோம். கை தேர்ந்ததும் அவர்களும் வளைகுடாவுக்குத்தான் போவார்கள். 2020 ஊரடங்கிலும், 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவியபோதும் எவ்வளவு வேகமாக ஷெட்டுகள் காலியாகும் என்பதைப் பார்த்துவிட்டோம்.

இப்போது நடப்பதும் நடக்க வேண்டியதும்

தமிழக அரசு, டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறது. ரோபோ, கணினி எந்திரங்கள் வந்திருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐடிஐ சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டிலிருந்து மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இவையெல்லாம் முதல் படிக்கான உதவிகள். மூன்றாம், நான்காம் படிகளில்தான் பையன்கள் விலகுகிறார்கள். அங்கே வேண்டியவை வேறு:

1. தேர்வுக்கு ஏற்ற சம்பளம். 6ஜி தேறினால் இவ்வளவு, கலப்பு உருக்குக்குத் தகுதி பெற்றால் இவ்வளவு என்று அந்த வட்டாரக் கம்பெனிகள் சேர்ந்து எழுதி வைத்தால், ஆளைப் பறிப்பதும் குறையும்.

2. பயிற்சிச் செலவுக்குப் பொது நிதி. ஆர்டர் கொடுக்கும் பெரிய நிறுவனம் ஒப்பந்தத்திலேயே பயிற்சிக்கு ஒரு பங்கைத் தனியாக வைக்கலாம். வறட்சி வந்தாலும் பயிற்சி நிற்காது.

3. மூத்தவர்களுக்குப் பாதிநாள் வேலை. கண் மங்கியவர் ரூட் பாஸ் ஓட்ட முடியாது, ஆனால் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டே "கம்பியைக் கொஞ்சம் நிறுத்து" என்று சொல்ல அவரால் முடியும். ஐடிஐ ஆசிரியர் பணிக்கு டிப்ளமோ, பட்டம் கேட்கிற விதிகளில் இவருக்கு ஒரு கதவு வேண்டும்.

மூன்றாவதுதான் அவசரம். 2025 ஆகஸ்டில் ஐடிஐயில் சேர்ந்த 17 வயதுப் பையன் மேலே சொன்ன படிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஏறினாலும் கண்ணாடி வைத்துக் கொதிகலன் குழாய் பற்றவைக்க 2033 ஆகிவிடும். 80 ஆயிரம் மெகாவாட்டுக்கு அரசு வைத்திருக்கும் கெடு 2032. 2025-இல் 58 வயதில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவருக்கு அந்தக் கெடுவின்போது 65 ஆகியிருக்கும்.